லொரென்சோவின் கடைசிப் பாய்ச்சல்

முப்பாய்ச்சல் குழிக்குப் பக்கத்தில் இப்போது கமரா நிற்கிறது. பாய்பவரின் சப்பாத்து நுனி பலகையைத் தாண்டியதா இல்லையா என்று அது படம் பிடித்துக் காட்டிவிடும். மணலில் கம்பி குத்தி நாடா இழுத்து அளப்பதும் பெரிய போட்டிகளில் இல்லாமல் போய்விட்டது. நான் ஓய்வு பெற்ற கிழமை, ஸ்டேடியத்தில் என் இடத்துக்கு வந்திருக்கும் இளையவர்கள் தேத்தண்ணி வைத்து ஒரு கேக்கும் வெட்டினார்கள். அவர்களில் ஒருத்தி லண்டனில், வெம்பிளியில் பிறந்து வளர்ந்த எங்கள் ஈழத்துப் பிள்ளை. அவள் கேட்டாள்:

"அங்கிள், இந்தக் கமரா ஒண்டும் இல்லாத நேரம் பிரச்சினை வந்தா என்ன செய்வீங்கள்?"

"கண்ணாலை பாத்துச் சொல்லுவம் பிள்ளை."

"கண் பாக்காட்டி?"

கேக்கை வாய்க்குள் தள்ளி அந்த நேரம் தப்பிவிட்டேன். அதற்குப் பதில் சொல்வதென்றால் லொரென்சோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஒரு துண்டு கேக் முடிவதற்குள் சொல்லக்கூடிய கதை இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஊரில் இருந்து எங்களைக் கூட்டிக்கொண்டு வந்த ஏஜென்சிக்காரன் ஜெர்மனி என்றுதான் சொன்னான். இறக்கிவிட்ட இடம் சிசிலித் தீவு. "ஒரு கிழமை நில்லுங்கோ, வந்து கூட்டிக்கொண்டு போறன்" என்றான். அந்தக் கிழமை இன்னும் முடியவில்லை. பலர்மோ நகரத்தில் எங்கள் ஆட்கள் ஏற்கனவே நிறையப் பேர் இருந்தார்கள், முக்கால்வாசிப் பேருக்கும் வீடு துடைக்கிற வேலை. எனக்கு ஒரு விளையாட்டு மைதானம் துடைக்கிற வேலை கிடைத்தது. வீடு துடைத்தவர்களுக்கு என்மேல் கொஞ்சம் பொறாமை, ஏனென்றால் மைதானத்துக்கு வீட்டுக்காரி இல்லை.

அங்கே பயிற்சிக்கு வந்தவன்தான் லொரென்சோ. மெஸ்ஸினாப் பக்கத்து மீன்காரக் குடும்பம். உடம்பில் பாதிக்கு மேல் கால்தான். கண்ட உடனேயே கொக்கு என்று மனதுக்குள் பெயர் வைத்துவிட்டேன். முப்பாய்ச்சல் பார்க்க லேசாக இருக்கும். ஓடிவந்து பலகையை மிதித்து, மிதித்த அதே காலில் ஒருமுறை விழுந்து எழும்பி, மற்றக் காலில் ஒருமுறை விழுந்து எழும்பி, பிறகு மணலுக்குள் பாய வேண்டும். அந்த இரண்டு விழுகையிலும் உடம்பின் முழுப் பாரமும் ஒற்றைக் குதிக்காலில் இறங்கும். பக்கத்தில் நின்றால் நிலம் அதிர்வது காலுக்குத் தெரியும். எனக்கு அந்த விளையாட்டில் அப்போது ஆனா ஆவன்னா தெரியாது. அவன் பாய்ந்து முடிய மணலை வாரிச் சமன்செய்வது மட்டும் என் வேலை.

ஆனாலும் ஒவ்வொரு பாய்ச்சல் முடியவும் அவன் மணலுக்குள் இருந்தபடியே கத்துவான்: "ராசா, எப்பிடி?" என் பெயர் ராசரத்தினம். இத்தாலியர்கள் அதை வெட்டி ராசாவாக்கி விட்டார்கள். கையில் விளக்குமாறோடு நிற்கிற ராசா. நானும் பெரிய பயிற்சியாளன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஒரு நாள் பெருவிரலைத் தூக்குவேன், ஒரு நாள் உதட்டைப் பிதுக்குவேன். அவன் அதைப் பார்த்துத் தலையாட்டுவான். இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

அப்படியே அவன் வளர்ந்தான். நீல நிறத் தேசிய உடுப்பு கிடைத்தது. வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போனான். ஒரு ஐரோப்பியப் போட்டியில் நாலாவதாக வந்தான். நாலாவது மிகவும் கெட்ட இடம். மேடைக்குக் கீழே நின்று மூன்று பேருக்குக் கை தட்ட வேண்டும். அடுத்த வருடம் மேடையில் ஏறிவிடுவான் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருக்க, குதிக்கால் நரம்பு விட்டுப்போனது. ஒரு வருடம் பொல்லு ஊன்றி நடந்தான். திரும்பி வந்தபோது ஓட்டத்தில் வேகம் இருந்தது, ஆனால் இரண்டாவது விழுகையில் முகம் சுழிக்கும். அந்தச் சுழிப்பு அதன் பிறகு போகவே இல்லை.

இத்தாலிப் பாஸ்போட் கைக்கு வந்ததும், மற்றவர்களைப் போல நாங்களும் பிள்ளைகளின் இங்கிலிஷ் படிப்பைச் சாட்டி லண்டனுக்கு வந்தோம். இரண்டாயிரமாம் ஆண்டு கழிந்து கொஞ்சக் காலம். மனைவியின் தமக்கை கிழக்கு லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில் இருந்தா, அதனால் நாங்களும் அங்கே. வேலை கிடைத்ததோ நகரத்தின் அடுத்த கரையில், தெற்கே ஒரு பெரிய ஸ்டேடியத்தில். "லண்டன் முழுக்கக் கடந்து போய் மண் கிளறப் போறியள்" என்று மனைவி சிரித்தா. உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குள் மணல் விழத் தொடங்கியதும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

அங்கேதான் மார்கரெட் எனக்கு மேலாளர். முன்பு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ரீச்சராக இருந்தவ. போட்டி நாட்களில் குழியின் தலைமை நடுவரும் அவதான். என்னையும் நடுவர் பரீட்சை எழுத வைத்து, சம்பள வேலை போக, போட்டி நாட்களில் குழியில் நிறுத்தியதும் அவதான். கோபப்பட்டு நான் கண்டதில்லை, பாராட்டியும் கேட்டதில்லை. வேலை சரியாக இருந்தால் "அடுத்தது" என்பா. பிழையாக இருந்தால் பிளாஸ்க்கைத் திறந்து ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டு, "இன்னொருக்கா" என்பா. அந்த பிளாஸ்க்கின் மூடி திறபடும் சத்தம் கேட்டாலே நாங்கள் மணல் வாரியைத் திரும்பக் கையில் எடுத்துவிடுவோம்.

போட்டி நாளில் குழிதான் என் முதல் வேலை. லண்டனில் நரிகள் அதிகம், அவை மணல் குழியைத் தங்களுக்கென்று கட்டிய கக்கூஸ் என்று நினைத்துவிடும். மூடியிருக்கும் தார்ப்பாயைத் தூக்கி முதலில் நரியின் கைங்கரியத்தை அள்ள வேண்டும். பிறகு மணலை அடிவரைக்கும் கொத்திப் புரட்டி, குழாய்த் தண்ணீர் விட வேண்டும். காய்ந்த மணல் சரிந்து அடையாளத்தை மூடிவிடும். அளவுக்கு மிஞ்சி நனைந்தால் கட்டியாகிக் காலை உடைக்கும். கையில் ஒரு பிடி எடுத்து அமத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். புட்டுக்கு மா குழைப்பவர்களுக்கு இந்தப் பதத்தை விளங்கப்படுத்தத் தேவையில்லை. கடைசியாக நீட்டுப் பலகையை வைத்து ஓடுபாதையும் மணலும் ஒரே மட்டமா என்று பார்க்க வேண்டும்.

போட்டி தொடங்கினால் குழியடியில் மூன்று பேர். மிதிபலகைக்குப் பக்கத்தில் மார்கரெட். பலகையின் விளிம்பில் பிளாஸ்டிசின் களி பூசிய கீற்று ஒன்று இருக்கும், அதில் சப்பாத்துத் தடம் விழுந்தால் சிவப்புக் கொடி, விழாவிட்டால் வெள்ளை. மணலடியில் நான். பாய்ந்தவர் உடம்பின் எந்தப் பாகம் பலகைக்குக் கிட்டவாக மணலைத் தொட்டதோ, அந்த இடத்தில் உடனே கம்பியைக் குத்தி, நாடாவின் நுனியைப் பிடிக்க வேண்டும். மறு நுனியில் மார்கரெட் தூரத்தை வாசிப்பா. மூன்றாவது ஆள் குழியின் கடைசியில் நின்று, பாய்ந்தவர் வெளியே வரும் விதத்தைப் பார்ப்பார். இது பலருக்குத் தெரியாத சட்டம். பாய்ந்தவர் தன் அடையாளத்துக்கு அப்பால் முதலில் வெளியே கால் வைக்க வேண்டும். அப்படி வைக்காமல் மணலுக்குள்ளேயே பலகைப் பக்கம் திரும்பி நடந்தால், எவ்வளவு தூரம் பாய்ந்திருந்தாலும் அந்தப் பாய்ச்சல் செல்லாது. ஒரு கால் வெளியே வைத்துவிட்டுத் திரும்ப உள்ளே வந்தால் பிழையில்லை.

"ஆளைப் பார்க்காதேயும். மணலைப் பாரும்" என்று மார்கரெட் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறா. ஆள் எழும்பும்போது கையை ஊன்றுவார், காலை இழுப்பார், மணல் கலையும். கம்பிக்காரன் ஆளின் முகத்தைப் பார்த்து நின்றால் அடையாளம் போய்விடும்.

ஒரு கோடையில் அங்கே நடக்கவிருந்த சர்வதேசப் போட்டிக்குப் பெயர்கள் வந்தபோது அதில் லொரென்சோவும் இருந்தான். போட்டியன்று காலை குழியைப் பார்க்க வந்தவன், குனிந்து மணல் வாரிக்கொண்டிருந்த என் முதுகைக் கண்டே அடையாளம் பிடித்துவிட்டான். "ராசா!" என்று அவன் கத்தியதில் பக்கத்தில் ஈட்டி எறிபவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காதோரம் நரைத்திருந்தது. கால்கள் மட்டும் அதே கொக்குக் கால்கள். கன்ரீனில் இருந்து கோப்பி வாங்கிக்கொண்டு வந்து ஓடுபாதை ஓரத்தில் இருந்தோம். ஒரு வாய் குடித்துவிட்டு, இதைக் கோப்பி என்று விற்பவனைப் பிடித்து உள்ளே போட வேண்டும் என்றான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். அவன் இத்தாலியனில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்.

"இந்த வருச உலகப் போட்டிக்கு எங்கட ஆக்கள் ஒரு தூரம் வைச்சிருக்கினம் ராசா. அதைப் பாய்ஞ்சவனைத்தான் கொண்டுபோவினம். இண்டைக்குத்தான் கடைசிச் சந்தர்ப்பம்."

"வராட்டி?"

"வராட்டி வீட்டுக்குப் போய் மீன் விக்கிறதுதான். அடுத்த வருசத்துக்கு இந்தக் குதிக்கால் இல்லை."

நான் நேரே மார்கரெட்டிடம் போய், இவனை எனக்குப் பலர்மோவில் இருந்தே தெரியும், இன்று நான் குழியில் நிற்பது சரியா என்று கேட்டேன். அவ கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தா.

"உமக்கு இத்தாலியன் தெரியுமோ?"

"ஓம், தெரியும்."

"நல்லது. ஆண்கள் கழிவறை எந்தப் பக்கம் எண்டு அவருக்குச் சொல்லும். இண்டைக்குக் காலமையிலிருந்து என்னட்டைத்தான் கேக்கிறார்."

அவ்வளவுதான். அன்று குழியின் கடைசியில் நின்ற மூன்றாவது ஆள் சந்திரன். மலேசியத் தமிழர். இங்கே படிக்க வந்து, கணக்காளராகி, விம்பிள்டனில் வீடு வாங்கியவர். சனி, ஞாயிறுகளில் நடுவர் வேலைக்கு வருவார். நல்ல மனுஷன், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். குழியடியில் நாங்கள் தமிழில் கதைப்பது மார்கரெட்டுக்குப் பழகிப்போன சங்கதி.

மத்தியானத்துக்குப் பிறகு போட்டி தொடங்கியது. லொரென்சோவின் முதல் பாய்ச்சல்கள் சரிவரவில்லை. ஒன்று கட்டையாக விழுந்தது. ஒன்று நன்றாகப் போனது, ஆனால் களியில் தடம் இருந்தது, சிவப்பு. இன்னொன்றில் இரண்டாவது விழுகையில் முகம் சுழித்து, மணலுக்கு வராமலே ஓடிக் கடந்துவிட்டான். ஒவ்வொரு முறையும் நான் வாரியைப் பிடித்து மணலை இழுத்துச் சமன்செய்தேன். அவன் இந்த முறை "எப்பிடி?" என்று கேட்கவில்லை. அது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

கடைசிப் பாய்ச்சலுக்கு வந்து நின்றான். கையைத் தலைக்கு மேலே தூக்கித் தட்டினான், சனமும் தட்டத் தொடங்கியது. ஓடிவந்தான். பலகையில் விழுந்த சத்தம் சுத்தமாக இருந்தது. முதல் விழுகை. இரண்டாவது விழுகை, முகம் சுழிக்கவில்லை. பிறகு மணல். அந்த மணல் தெறித்து என் கன்னத்தில் பட்டது. மார்கரெட்டின் கையில் வெள்ளைக் கொடி. என் கண் மணலில் இருந்தது. இடுப்பு விழுந்த இடம், அதற்கு இப்பால் குதிக்கால் கீறிய இடம். கிட்டவான விளிம்பில் கம்பியைக் குத்தினேன். அது சரிந்துவிடுமோ என்று பயந்து மற்றக் கையாலும் அமத்தினேன். நல்ல தூரம். அவனுக்குத் தேவையான தூரத்துக்கு மேலேயா கீழேயா என்று கண்ணால் சொல்ல முடியாத அளவுக்குக் கிட்ட.

தலையை நிமிர்த்தியபோது லொரென்சோ எனக்கு முன்னால் மணலில் முழங்கால் குத்தி, கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அழுதுகொண்டிருந்தான். அவன் தோளுக்கு மேலால் பார்த்தேன். சந்திரன் சிவப்புக் கொடியைத் தூக்கியிருந்தார்.

மார்கரெட் எதற்கும் ஓடுவதில்லை. நடந்து வந்தா. முதலில் அளக்கச் சொன்னா, பிரச்சினையைப் பிறகு பார்ப்போம் என்று. நான் நாடாவின் நுனியைப் பிடித்தேன். அவ பலகையடியில் குனிந்து வாசித்தா. வாய் அசையவில்லை. நாடாவைச் சுருட்டிக்கொண்டு எழும்பி எங்களிடம் வந்தா. அந்த முகத்தில் இருந்து எதையும் படிக்க முடியவில்லை.

"மணலுக்குள்ளேயே திரும்பி நடந்தார்" என்றார் சந்திரன்.

"முதல் வெளியிலை கால் வைச்சவரோ?"

"வைக்கலைன்னுதான் நினைக்கிறேன். ஆனா அந்த நேரம் பார்த்து டீவி கமராக்காரர் குறுக்க வந்துட்டார். முழுசா பார்க்கலை."

குழியின் ஓரத்தைப் பார்த்தோம். அன்று பாய்ந்த எல்லாருடைய காலடியும் ஈர மணலோடு அங்கே கிடந்தது. அதில் எது யாருடையது என்று கடவுளுக்குத்தான் தெரியும். மார்கரெட் சட்டத்தைச் சொன்னா. எங்களில் ஒருவராவது வெளியே கால் வைத்ததைக் கண்டிருந்தால் வெள்ளைக் கொடி. ஒருவரும் காணவில்லை என்றால், கொடி தூக்கியவரின் சொல்தான் நிற்கும். பலகையடியில் நின்றதால் தனக்கு அந்த ஓரம் தெரியவில்லை என்றா. பிறகு என்னைப் பார்த்து, "நீர் கண்டீரோ?" என்று கேட்டா.

லொரென்சோவுக்கு இங்கிலிஷ் மட்டுமட்டு. ஆனால் கேள்வி என்னிடம் வந்துவிட்டது என்பது விளங்கியது. "சொல்லு ராசா, நான் வெளியிலை போனனான் எண்டு சொல்லு" என்றான். சந்திரன் கொடியைப் பாதி இறக்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தித் தமிழில் சொன்னார்:

"பார்த்தேன்னு சொல்லிடுங்க அண்ணே. எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கு. ஒரு வார்த்தைதான் லா. நான் கொடியை இறக்கிடுறேன்."

சொல்லிவிட மனம் துடித்தது. பொய்யாகவும் இல்லாமல் இருக்கலாம். அவன் கால் வெளியே போயிருக்கலாம்தானே? அவனுடைய கால்கள் நீளம், குழியின் ஓரம் ஒரு எட்டுத்தான். பலர்மோ வெயிலில் அவன் விழுந்தெழும்பியதையும் பொல்லோடு நடந்ததையும் கண்டவன் நான். அங்கே நின்ற எல்லாரிலும் அவனை அதிகம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மார்கரெட் என் பதிலை எழுதிக்கொண்டு போய்விடுவா, ஏன் எதற்கென்று கேட்க மாட்டா. அது எனக்குத் தெரியும். அதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. அந்த மனுசி கேட்டது ஒரே ஒரு விஷயம், கண்டீரோ இல்லையோ என்று. நான் கண்டது மணலை.

"இல்லை. நான் காணேல்லை" என்றேன்.

மார்கரெட் தலையாட்டினா. "சிவப்பு" என்றா. பிறகு, "அடுத்தது."

இத்தாலிக்காரர்கள் முறைப்பாடு கொடுத்தார்கள். மேல்நடுவர் வந்து பார்த்தார், தூரத்தில் நின்ற இன்னொரு கமராவின் படத்தைப் போட்டார்கள், அதிலும் குறுக்கே வந்த கமராக்காரனின் முதுகுதான் இருந்தது. முறைப்பாடு தள்ளப்பட்டது. லொரென்சோ சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல் வெறுங்காலோடு போனான். நான் மிச்சப் போட்டிக்குக் குழியை வாரிக்கொண்டே நின்றேன். கண் நிறைந்து நிறைந்து வந்தது. மணல் பட்டுவிட்டது என்று சந்திரனுக்குச் சொன்னேன். அவரும் நம்பியது போல இருந்தார்.

வெயில் சாய, சனம் கலைந்துபோன பிறகு நான் தார்ப்பாயை இழுத்துக் குழியை மூடிக்கொண்டிருந்தேன். மறுபக்க நுனியை யாரோ பிடித்து இழுப்பது தெரிந்தது. லொரென்சோ. பயணப் பையைத் தோளில் இருந்து கீழே வைத்திருந்தான்.

"என்னை மன்னிச்சுக்கொள்" என்றேன்.

"எதுக்கு?" என்றான். "நான் பின்னேரம் முழுக்க அறைக்குள்ளை இருந்து யோசிச்சனான், ராசா. வெளியிலை கால் வைச்சனானோ இல்லையோ எண்டு எனக்கே தெரியேல்லை. நீ கண்டனி எண்டு சொல்லியிருந்தா, நானும் சாகுமட்டும் அப்பிடித்தான் நம்பியிருப்பன்."

இருவருமாகத் தார்ப்பாயின் மூலைகளுக்குக் கல் வைத்தோம். பிறகு அவன் ஒன்று கேட்டான். அந்தத் தூரம் எவ்வளவு?

எனக்குத் தெரியாது. நான் பிடித்தது மணல் பக்கத்து நுனி. வாசித்தது மார்கரெட், சிவப்பு என்று முடிவானதும் அது எங்கும் எழுதப்படவில்லை. அவ ஓடுபாதைக்கு அப்பால் ஒரு மர வாங்கில் உட்கார்ந்து பிளாஸ்க்கில் மிச்சமிருந்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தா. அவனைக் கூட்டிக்கொண்டு போய், அவன் கேட்டதைச் சொன்னேன்.

"செல்லாத பாய்ச்சலுக்குத் தூரம் இல்லை" என்றா மார்கரெட்.

நான் அதை அவனுக்கு இத்தாலிய மொழியில் சொன்னேன். லொரென்சோ தலையாட்டினான். பையைத் தூக்கப் போனான். அப்போது மார்கரெட் பிளாஸ்க் மூடியில் தேத்தண்ணி ஊற்றி அவனிடம் நீட்டினா. அவன் வாங்கினான். அவன் குடித்து முடியும்வரை இருந்துவிட்டு, மூடியைத் திரும்ப வாங்கும்போது, அவனுடைய முகத்தைப் பார்த்து மீற்றரும் சென்ரிமீற்றருமாக அந்த எண்ணைச் சொன்னா. இங்கிலிஷில்தான். அவனுக்கு நான் மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை.

அது அவனுக்குத் தேவையான தூரத்துக்கு மேலே இருந்தது. விரல்கடை அளவு மேலே. அதைத் தெரிந்துகொண்டுதான் அவ என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறா.

லொரென்சோ அந்த எண்ணைத் தன் பாஷையில் ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தான். இன்னொருமுறை கொஞ்சம் உரத்துச் சொன்னான். பிறகு என்னைக் கட்டிப்பிடித்தான். என் உடுப்பில் இருந்த மணல் எல்லாம் அவனுடைய நல்ல சேர்ட்டில் ஒட்டியது. அவன் அதற்குப் பிறகு எங்கும் பாயவில்லை. இப்போது மெஸ்ஸினாவில் தகப்பனின் மீன்கடையைப் பார்க்கிறான். நத்தார்ப் பண்டிகைக்குப் போன் எடுப்பான், குதிக்கால் மழைக்கு நோகிறது என்பான்.

மார்கரெட் போய்ச் சேர்ந்துவிட்டா. அந்த எண் தெரிந்தவர்களில் இன்று மிஞ்சியிருப்பது நாங்கள் இரண்டு பேர். வீட்டில் கேட்டார்கள், சந்திரனும் கேட்டார், நான் சொன்னதில்லை. இங்கேயும் எழுதப் போவதில்லை. அதை அவன் பாய்ந்தான், அவன் வைத்திருக்கட்டும்.